பிடரி இல்லாத சிங்கங்கள்

சிங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களிடம் பேசுவது எளிது. எல்லாம் தெரிந்தவர்களிடம் பேசிப் பிழைப்பதுதான் என் தொழில். மருந்துக்கடையில் நிற்பவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர்கள், வங்கியில் படிவம் நிரப்பச் சொல்லித் தருபவர்கள் என்று பொதுமக்களுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வறண்ட எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரியாதவர்கள்தான் நம்மிடம் வருகிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகும் சாலையில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். வேலைக்கு வந்தவர்களின் பெயர் எழுதுவது, பழம் எடை போடுவது. படிப்பு எட்டாவதோடு சரி. பழைய முதலாளி ஒருமுறை குஜராத்துக்குப் போய்க் கிர் காட்டில் சிங்கங்களைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும், காலியாகக் கிடந்த காபி குடோனில் சேலத்துச் சிலைக்காரர் ஒருவரை வைத்து ஃபைபரில் ஒரு சிங்கக் கூட்டத்தைச் செய்து வைத்தார். ஓர் ஆண், மூன்று பெண்கள், இரண்டு குட்டிகள். கிர் காட்டில் ஆண்கள் பெண்களோடு ஒட்டி வாழ்வது குறைவு. இணைசேரும் காலத்திலும் பெரிய இரை விழும்போதும்தான் வந்து நிற்கும். அதனால் ஆணைத் தனியாக ஒரு பாறைமேல் தள்ளி உட்கார வைத்தார். அந்த ஊர்ச் சிங்கத்துக்கு வயிற்றின் அடியில் தொங்கும் தோல் மடிப்பைக்கூட விடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, நான்கு தடித்த ஆங்கிலப் புத்தகங்களையும் ஓர் அகராதியையும் கையில் கொடுத்து, வருகிறவர்களுக்கு இனி நீதான் சொல்ல வேண்டும் என்றார். அந்த அகராதியின் முதுகை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து ஏற்காட்டு ஒண்டிக்கடை பஜாரில் எனக்குப் பெயர் சிங்க ரைட்டர்.

என் மனைவி சரசு அந்தக் குடோன் கூடத்தைப் பெருக்கிச் சிங்கங்களைத் துடைப்பாள். படித்ததை முதலில் அவளிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். பெண் சிங்கங்கள் கூட்டாக வேட்டையாடும், குட்டிகளை வளர்க்கும், ஒருத்தி பெற்றதற்கு இன்னொருத்தி பால் கொடுப்பாள் என்றேன். அப்போது அவன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். எல்லையைக் காவல் காக்கிறான் என்றேன். பாறைமேல் இருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கப்பனும் அதையேதானுங்க சொல்லிட்டுத் திரிஞ்சாரு" என்றாள்.

ஆறு என்றால் ஆறு

வாசலில் 'ஆறு சிங்கங்கள்' என்று எழுதியிருக்கிறோம். உள்ளே ஆறு இருக்கின்றன. இதில் சண்டை வர வழியில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் நேராகப் பாறைமேல் இருந்த ஆணிடம் போய் நான்கு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார். பெண் சிங்கங்களின் முதுகில் பையையும் சால்வையையும் வைத்தார். பிறகு என்னிடம் வந்து மீதி ஐந்து சிங்கம் எங்கே என்று கேட்டார்.

பை வைத்திருக்கிறீர்களே, அதுதான் ஒன்று என்றேன். பெண் சிங்கத்துக்குப் பிடரிமயிர் கிடையாது, குட்டிகளுக்கு உடம்பில் புள்ளி இருக்கும், வளர வளர மறையும் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பெண் சிங்கத்தின் வயிற்று மடிப்பைத் தட்டிப் பார்த்து, செய்தவன் சரியாக வேலை தெரியாதவன் என்று மனைவியிடம் தீர்ப்பு சொன்னார். போகும்போது வாசலில் நின்று வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "சிங்கம் ஒண்ணுதானுங்க, கூட அஞ்சு நாயி. நாயைப் பாக்கறதுக்கா அடிவாரத்துல இருந்து இருபது வளைவு ஏறி வந்தோம்?"

ஒரு கோடு

வெளிச்சுவரில் பெரிய போர்டு ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தேன். ஒண்டிக்கடையில் ஒரு பெயின்டர் இருந்தார். 'ஆண் சிங்கத்துக்குப் பிடரி உண்டு. பெண் சிங்கத்துக்குப் பிடரி இல்லை' என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் எழுதி முடித்து ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் பார்த்தேன். இரண்டு இடத்திலும் 'ட'வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்காலைச் சேர்த்திருந்தார். பிடரி, பிடாரி ஆகியிருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். "பிடரின்னு ஒரு வார்த்தையே இல்லீங்க. பாவம், படிக்காதவரு, காலை உட்டுட்டாருன்னு நானே போட்டேன்" என்றார்.

போர்டின் நிறத்திலேயே மஞ்சள் பெயின்ட் வாங்கி நானே அந்தக் கால்களை மூடினேன். அதற்குள் ஒரு வாரம் ஆகிவிட்டது. எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற பெண்கள் நான் மூடுவதற்கு முன் வந்த செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் உள்ளே வந்து, முன்னால் நிற்கும் பெண் சிங்கத்தின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் கூப்பிட்டு, பிடரி என்றால் கழுத்து மயிர், நம் ஊர் எல்லைக்காவல் சாமியான பிடாரி இல்லை என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் மூத்தவர் மட்டும் போர்டைக் காட்டிக் கேட்டார்: "அதெல்லாம் சரிங்க ரைட்டரே. ஆம்பளைக்கு மட்டும் பிடாரி உண்டு, பொம்பளைக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அவ பொம்பளைக்குத்தானுங்க மொதல்ல ஓடி வருவா?"

நட்சத்திரம்

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் குங்குமம். சரசு இருந்தவரை அவள் துடைத்தாள். மூன்று பெண் சிங்கங்களையும் முதலில் துடைத்துவிட்டு, ஆணைக் கடைசியில் துடைப்பாள். சாப்பாட்டில் அவன் முதலில் வாய் வைக்கிறான், துடைப்பதிலாவது இவர்கள் முதலில் இருக்கட்டும் என்பாள். முன்னால் நிற்பவளை 'மூத்தவ' என்று கூப்பிடுவாள். சரசு போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நான் அதே வரிசையில் துடைக்கிறேன்.

பழைய முதலாளியும் போய்விட்டார். அவர் மகன், சின்னவர், சேலத்தில் இருக்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளை, சிங்கம்தான் தெரியாது. ஒரு நாள் போனைக் கொண்டுவந்து காட்டினார். வந்துபோன ஜனங்கள் நட்சத்திரம் போட்டிருந்தார்கள், பெரும்பாலும் ஒற்றை நட்சத்திரம். 'ஏமாற்று', 'ஒரே சிங்கம்', 'நாய்க் கண்காட்சி' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, கழிப்பறை சுத்தம் என்று எழுதியிருந்தார். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். சின்னவர் சிரிக்கவில்லை. மூத்தவளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அவர் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க ரைட்டரய்யா. கோடை விழாவுக்குள்ள இந்த மூணுக்கும் ஒரு பிடரி ஒட்டிட்டா என்னங்க?"

தலைமைப் பண்பு

ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து இருபது பேரை வேனில் ஏற்றி வந்தார் ஒரு பயிற்சியாளர். கூடத்துக்குள் வந்ததும் எல்லோரையும் கையை ஓங்கி, நான் சிங்கம், நான் சிங்கம் என்று கத்தச் சொன்னார். சிங்கம் தனியாக நிற்கும், ஓயாமல் உழைக்கும், குறி தப்பாது, அடுத்தவன் உழைப்பைத் தொடாது என்றார். பிறகு, காட்டு ராஜாவின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

கேட்டதைத்தான் சொன்னேன். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்துக்கிடக்கும். பூனைக் குடும்பத்திலேயே கூட்டமாக வாழ்வதில் பேர் பெற்றது அதுதான். பாய்கிற தடவைகளில் பெரும்பாலும் இரையைத் தப்ப விடும். ஆப்பிரிக்காவில் கழுதைப்புலி அடித்துவைத்ததைப் பிடுங்கித் தின்னும். பெண்கள் அடித்த இரைக்கு ஆண் கடைசியாக வந்து முதல் ஆளாக உட்காரும். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது பேரும் முதல் முறையாகக் கவனமாகக் கேட்டார்கள். வேனில் ஏறும் முன் அவர்களில் ஒருவர் தனியாக என்னிடம் வந்து சொன்னார்: "எங்க மேனேஜரு நெசமாலுமே சிங்கந்தானுங்கய்யா. இத்தன நாளா தெரியாம வேற என்னென்னவோ சொல்லித் திட்டிட்டிருந்தோம்."

வழுக்கை

நாகரிகமாக உடுத்திய ஒருவர் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தணித்து, சிங்கக் கொழுப்பு கிடைக்குமா என்று கேட்டார். இது ஃபைபர் என்றேன். அது தெரியும், உங்களுக்கு ஆட்களைத் தெரிந்திருக்குமே என்றார். தொப்பியைக் கழற்றினார். விஷயம் விளங்கியது.

ஆண் சிங்கத்தின் பிடரி அதன் உடம்பில் ஊறும் ஆண் சுரப்பால் வருவது, கொழுப்பால் வருவதில்லை என்றேன். அடர்ந்து கறுத்த பிடரி இருந்தால் நல்ல தீனி தின்ற, சண்டையில் தாங்கக்கூடிய ஆண் என்று பெண் சிங்கம் தெரிந்துகொள்ளும். சிங்கத்தின் நகம், பல், தோல், கொழுப்பு எதை வைத்திருந்தாலும் ஜெயில் என்றும் சொன்னேன். அவர் பாறைமேல் இருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனுக்குக் காது வெளியே தெரிகிறதே, உச்சந்தலையில் அவ்வளவாக இல்லையே என்று கேட்டார். ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிடக் கிர் சிங்கத்துக்குப் பிடரி குட்டை, உச்சியில் கம்மிதான், அதுதான் அடையாளம் என்றேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "ஏனுங்க, அதுக்கே முன்பக்கம் கொட்டிப்போச்சுன்னா அப்பறம் என்னத்துக்குங்க அதோட கொழுப்பு?"

பரீட்சைக்கு வராதது

பள்ளிக்கூடக் குழந்தைகள் வரும் நாள் எனக்குப் பிடிக்கும். அவர்களுக்கு இன்னும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. கெடுப்பவர்கள் கூட வருகிறவர்கள். ஆசிரியர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, சிங்கம் வீரமானது, தேசியச் சின்னத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். விடுவது நான், ஆனாலும் அவர் விட்டார்.

குட்டிகளைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளிடம், புதிதாக ஓர் ஆண் வந்து கூட்டத்தைப் பிடித்தால் பழைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடும் என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், அப்போது அம்மா என்ன செய்யும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த எல்லாக் கேள்விகளிலும் நல்ல கேள்வி அதுதான். மறைத்து வைக்கும் கண்ணு, வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றும், மற்ற பெண்களோடு சேர்ந்து நின்று எதிர்க்கும், தன்னைவிட ஒன்றரை மடங்கு கனமானவனிடம் அடி வாங்கும், சில சமயம் ஜெயிக்கும் என்றேன். அந்தப் பெண் எழுந்துபோய் மூத்தவளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை வைக்கிற இடமாக அல்லாமல் அவளை ஒருவர் சிங்கமாகத் தொட்டது, சரசுவுக்குப் பிறகு அன்றைக்குத்தான். ஆசிரியர் கைதட்டி எல்லோரையும் எழுப்பினார். "இதெல்லாம் பரீட்சைக்கு வராது. எந்திரிங்க, போட்டிங் டைம் ஆயிடுச்சு!"

மஞ்சக்குட்டைச் சிங்கம்

ஒரு காலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் நான்கு பேர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். மஞ்சக்குட்டையில் சிங்கம் இறங்கிவிட்டதாம். போனில் படம் ஓடியது: ஊர்த் தெருவில் ஒரு பெண் சிங்கம் சாவகாசமாக நடந்துபோகிறது, நாய்கள் குரைக்கின்றன. கடையின் பெயர்ப்பலகையில் குஜராத்தி எழுத்து. இது அந்தப் பக்கம் எடுத்தது, இந்தியாவில் காட்டுச் சிங்கம் அந்த ஒரு மூலையில்தான் உண்டு, இந்த மலையில் இருப்பது காட்டெருமை என்றேன். எங்கள் ஆட்கள் நேரிலேயே பார்த்தார்கள் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு விடுதியின் பின்னால், சொறிக்காக உடம்பெல்லாம் மயிர் வழித்துக் கழுத்தில் மட்டும் விட்டுவைத்த செவலை நாய் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் வெட்கமில்லை. என் கூடத்தில் சிங்கத்தை நாய் என்கிறவர்கள், இங்கே நாயைச் சிங்கம் என்றார்கள்.

கூடியிருந்தவர்களிடம் நாய்க்கும் சிங்கத்துக்கும் உள்ள நிஜமான சம்பந்தத்தைச் சொல்ல முயன்றேன். ஊர் நாய்களிடம் இருக்கும் ஒரு காய்ச்சல் கிர் சிங்கங்களுக்குத் தொற்றினால் கொத்துக்கொத்தாகச் சாகும். எல்லாம் ஒரே பக்கமாக அடைந்து கிடப்பதால், ஒரு பெரிய நோய் வந்தால் ஒதுங்க வேறு இடமில்லை. இன்னொரு காட்டிலும் கொஞ்சத்தைக் கொண்டுபோய் விடுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். வேட்டையாடி வேட்டையாடி விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்த இனம் அது, காப்பாற்றி வளர்த்தபின் மறுபடி ஒரே பானையில் போட்டு வைத்திருக்கிறோம் என்றேன். கேட்டவர் யாருமில்லை. விடுதிக்காரர் மட்டும் கடைசிவரை நின்றார். அவருக்கு வேறு கவலை. "சிங்கம் இல்லைன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டீங்க. சிங்கம் பாக்கறதுக்குன்னே ரூம் போட்டவங்களுக்கு நான் என்னுங்க பதில் சொல்றது?"

அபூர்வம்

சின்னவர் பிடரியை மறக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது ஆதாரத்தோடு வந்தார். ஆப்பிரிக்காவில் பிடரி உள்ள பெண் சிங்கத்தின் படத்தைப் போனில் வைத்திருந்தார். உலகத்தில் இல்லாததையா செய்யச் சொல்கிறேன் என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிங்கத்தைப் பற்றி முதல் முறையாக ஒன்றைப் படித்திருந்தது. அது இதுவாகப் போனது என் நேரம்.

உண்டு தம்பி, அபூர்வமாக உண்டு, சுரப்புக் கோளாறால் வருவது என்றேன். ஆனால் ஒரே கூட்டத்தில் மூன்று பேருக்கும் கோடை விழாவுக்கு முந்தின வாரம் சேர்ந்து முளைக்காது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வேட்டைக்குப் போகிறவளுக்குப் பிடரி இருந்தால் புல்லில் பதுங்க முடியாது, வெயில் தாங்காது. அவளுக்கு அது இல்லாமலிருப்பது குறை இல்லை, அவள் வேலை அப்படி. உங்கள் அப்பா ஊன்றிப் பார்த்துச் செய்ய வைத்தது இது என்றேன். கடைசியில் சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லிவிட்டேன். பிடரி ஒட்டினால் நான் இந்தக் கூடத்தில் நின்று பேச மாட்டேன் என்றேன். வேறு எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை. சின்னவர் கோபப்படவில்லை, போனைப் பையில் வைத்துக்கொண்டார். "நொம்ப உணர்ச்சிவசப்படறீங்க ரைட்டரய்யா. பேச ஆள் இல்லைன்னா பரவால்லீங்க, ஸ்பீக்கர்ல ரெக்கார்டு போட்டுக்கலாம்."

சாக்குப் பை

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. மிளகு பறிக்கிற பெண்கள் வழக்கம்போல வந்து மூத்தவளுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு என்னவோ மற்ற இரண்டு பேருக்கும் வைத்து, வேப்பிலையும் செருகியிருந்தார்கள். துடைக்கலாம் என்று ஈரத்துணியைப் பிழியும்போது ஜீப் சத்தம் கேட்டது. சின்னவர் இறங்கினார். பின்னால் சேலத்துச் சிலைக்காரர், முன்பு இவற்றைச் செய்தவரின் மகன், கோயில் வாகனங்களுக்கு வேலை செய்கிறவர். தோளில் ஒரு சாக்குப் பை. அதற்குள் மூன்று பிடரிகள், செம்பட்டை நைலான் மயிர். துளைபோடும் மிஷினும் பசை டப்பாவும் கையில்.

உள்ளே வந்த சிலைக்காரர் மூத்தவளின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார். இது என்னங்க என்று கேட்டார். சின்னவர், அது ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்றார். சிலைக்காரர் நகரவில்லை. "அடிவாரத்துல ஜீப்புக்காரரு சொன்னாருங்க, மேல எஸ்டேட்டுல சிங்கத்துமேல பிடாரி வந்து நிக்கறான்னு. நான் சும்மா பேச்சுன்னு நெனச்சனுங்க. வெளில போர்டுலயும் பிடாரின்னு போட்டிருக்குதே" என்றார். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். போன மழையில் மஞ்சள் பெயின்ட் வெளுத்து அந்தத் துணைக்கால்கள் மறுபடி தலைகாட்டியிருந்தன. வருஷா வருஷம் மூடுகிறவன், இந்த வருஷம் இன்னும் மூடவில்லை. சின்னவர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, அது பிடரிங்க! எழுத்துப் பிழை! ரைட்டரய்யா, நீங்களே சொல்லுங்க. எழுத்துப் பிழைதானுங்களே?"

எட்டாவது படித்துவிட்டு அகராதியோடு மல்லுக்கட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கற்றவன் நான். ஒரு பிழையைப் பார்த்தால் கை அரிக்கும். இத்தனை வருஷமும் இந்த ஜனங்களிடம், பிடரி வேறு பிடாரி வேறு என்று கத்தியிருக்கிறேன், அவர்களை முட்டாள்கள் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவளும் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "எனக்குத் தெரியலைங்க தம்பி. எழுதினவரைத்தான் கேக்கணும்" என்றேன். எழுதினவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. சின்னவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. சிலைக்காரர் மிஷினைத் துணியில் சுற்றி, மூத்தவளைக் கும்பிட்டு, சாக்கைத் தோளில் ஏற்றினார். "பிடரி ஒட்டறனுங்கன்னுதான் வந்தேன். பிடாரி கழுத்துல துளை போடறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க சாமி!"

வேறு ஆள் கிடைக்கவில்லை. அவர் சேலத்தில் போய்ச் சொன்னதைக் கேட்டபின் யாரும் மலை ஏறத் தயாராக இல்லை. அன்று சாயங்காலம் நான் ஏணியை எடுத்து வைத்து, கறுப்பு பெயின்டில் நல்ல தடிமனாக, இரண்டு இடத்திலும் துணைக்காலை என் கையாலேயே எழுதினேன். சரசு பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும், ஆனால் அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

நான்கு புத்தகங்களாலும் ஓர் அகராதியாலும் என் வாழ்நாள் விளக்கத்தாலும் காப்பாற்ற முடியாத மூன்று பெண் சிங்கங்கள், இன்றைக்கு ஏற்காட்டில் ஒரு துணைக்காலை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன.